ஆறு கடந்த பிறகு

‘ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யார் நான் யார்’ என்று ஒரு சொலவடை உண்டு. பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து பெறும் தம்பதியரில் பலருக்கு அது அப்படியே பொருந்திவிடுகிறது. குடும்ப நல நீதிமன்றத்தில் தீர்ப்பாணை பிறக்கும் நாள்வரை ஒருவர் தயவு மற்றவருக்கு வேண்டியிருக்கிறது. ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் மற்றவருக்கு விடுதலை இல்லை. அந்த நெருக்கடியில்தான் ஜீவனாம்சம், பிள்ளையின் படிப்புச் செலவு, வீட்டுப் பத்திரம், வங்கிக் கடன், நகை, பிள்ளையைப் பார்க்கும் நாட்கள் எல்லாம் பேசி முடிவாகின்றன. பத்துப் பன்னிரண்டு ஷரத்துகளாகத் தட்டச்சாகி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, சாட்சிகளும் கையெழுத்திடுகிறார்கள். தீர்ப்பாணை கைக்கு வந்ததும் ஆறு கடந்தாயிற்று. சில மாதங்கள் ஒழுங்காக வந்த பணம் தாமதமாகிறது, பிறகு நின்றுபோகிறது. எழுதித் தருவதாகச் சொன்ன வீடு எழுதப்படாமலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க வந்தவருக்குப் பூட்டிய கதவு காத்திருக்கிறது. ஒப்பந்தம் மட்டும் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இந்த நிலையில் பாதிக்கப்பட்டவர் கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒப்புக்கொண்டதைச் செய்ய வைக்க வழி இருக்கிறதா? வழி இல்லையென்றால், நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்று விவாகரத்தையே ரத்து செய்ய முடியுமா? முதல் கேள்விக்குச் சட்டம் ‘உண்டு’ என்று சொல்கிறது, ஆனால் நீதிமன்ற நடைமுறை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. இரண்டாவது கேள்விக்குச் சட்டம் பெரும்பாலும் ‘முடியாது’ என்கிறது, அப்படிச் சொல்வது சரிதான். இரண்டு கேள்விகளுமே காலம் கடந்து கேட்கப்படுகின்றன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒப்பந்தம் மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கான விடை, மீறப்பட்ட பிறகு புது மனு போட்டுத் தேட வேண்டிய ஒன்றாக இருக்கக் கூடாது. அது தீர்ப்பாணைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை எழுத வைக்கும் பொறுப்பு, கையெழுத்திடும் கட்சிக்காரர்களுக்கு இருப்பதைவிட, அந்தக் கையெழுத்தை ஏற்று முத்திரை வைக்கும் நீதிமன்றத்துக்கே அதிகம். இதற்குப் பெரிய சட்டத் திருத்தம் தேவையில்லை. இருக்கும் சட்டத்திலேயே இதற்கான கருவிகளில் பெரும்பாலானவை துருப்பிடித்துக் கிடக்கின்றன.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இயற்றப்பட்டபோது பரஸ்பர சம்மத விவாகரத்து அதில் இல்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 13-பி பிரிவு சேர்ந்தது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்தவர்கள் கூட்டாக மனு செய்யலாம். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து அதே முடிவில் இருப்பதாகச் சொன்னால் நீதிமன்றம் விவாகரத்து வழங்கும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவும், கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் 2001இல் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவும் ஏறக்குறைய இதே அமைப்பைக் கொண்டவை. இடைப்பட்ட காலத்தில் யாருக்கும் மனம் மாறலாம். தீர்ப்பாணை பிறக்கும்வரை சம்மதத்தை விலக்கிக்கொள்ளும் உரிமை உண்டு என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்த உரிமையை வைத்து வக்கீல்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். பேசிய தொகையில் ஒரு பகுதி முதல் மனுவின்போது, மீதி கடைசி நாளில் நீதிபதியின் முன்னிலையில் டிமாண்ட் டிராஃப்டாக. பணமும் விடுதலையும் ஒரே நொடியில் கை மாறுவதால் ஏமாற்ற இடமில்லை. எந்தச் சட்டப் பிரிவும் கட்டாயப்படுத்தாத இந்த வழக்கம், நடைமுறையில் நமக்கு வாய்த்திருக்கும் மிக நல்ல அமலாக்க முறை. அதன் வெற்றி ஒரு பாடத்தையும் சொல்கிறது: வாக்கு காப்பாற்றப்படுவது, காப்பாற்றாமல் அடுத்த படிக்குப் போக முடியாது என்ற நிலை இருக்கும்போதுதான்.

ஆனால் கடைசி நாளில் மேசைமேல் வைத்துக் கொடுத்துவிடக்கூடிய விஷயங்கள் கொஞ்சம்தான். பிள்ளைக்கு மாதாமாதம் தர வேண்டிய தொகை பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓட வேண்டியது. பள்ளிக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறுவது. இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டுக் கடனை இனி ஒருவரே கட்டுவார் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் வங்கி அந்த ஒப்பந்தத்தில் ஒரு கட்சியே இல்லை. தவணை தவறினால் இருவரையுமே அது பிடிக்கும், இருவருடைய கடன் மதிப்பெண்ணும் சரியும். வீட்டில் தன் பங்கை எழுதிக் கொடுப்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்னொரு நாள் நடக்க வேண்டிய வேலை. வரதட்சணைக் கொடுமை வழக்கை முடித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டால், அதைக் குடும்ப நல நீதிமன்றம் முடித்து வைக்க முடியாது; தனியே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பிள்ளையை அழைத்துச் செல்லும் உரிமையோ ஒவ்வொரு வாரமும் புதிதாக நிறைவேற வேண்டிய வாக்கு. இப்படி நீண்ட காலம் உயிரோடு இருக்க வேண்டிய ஷரத்துகள்தான் தீர்ப்பாணைக்குப் பிறகு முதலில் சாகின்றன.

நீதிமன்றங்கள் இந்த ஒப்பந்தங்களை நம்பித்தான் வேகம் காட்டுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமல்ல, தகுந்த வழக்கில் அதைத் தளர்த்தலாம் என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அது விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, ஜீவனாம்சம், பிள்ளையின் பொறுப்பு உள்ளிட்ட பிரச்சினைகளை இரு தரப்பும் உண்மையாகவே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றமே நேரடியாக விவாகரத்து வழங்கி, தொடர்புடைய வழக்குகளையும் முடித்து வைக்க முடியும் என்றது. நொந்துபோன இரண்டு பேரை வாய்தாக்களில் இருந்து விடுவிக்கும் இந்தப் போக்கு வரவேற்கத்தக்கது. ஆனால் ‘தீர்த்துக்கொண்டார்கள்’ என்பதை நீதிமன்றம் எதை வைத்து முடிவு செய்கிறது? தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. அந்தத் தொகை எங்கிருந்து வரும், வராவிட்டால் எதைப் பிடித்து வாங்குவது என்று பார்க்கும் வழக்கம் இல்லை. கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம்கூட ஈடு இல்லாமல் கையெழுத்தை மட்டும் நம்புவதில்லை.

ஒப்பந்தம் மீறப்பட்ட பிறகு முதலில் எழும் சிக்கல், அந்தக் காகிதம் எங்கே நிற்கிறது என்பது. சமரச ஒப்பந்தத்தின் ஷரத்துகள் தீர்ப்பாணையின் பகுதியாகவே சேர்க்கப்பட்டிருந்தால், அவை நீதிமன்றத்தின் கட்டளை. நேரடியாக நிறைவேற்று மனு போடலாம். குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 18ஆம் பிரிவு, அந்த நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குள்ள அதே வலுவைத் தருகிறது. ஆனால் ஒப்பந்தம் வெறும் ஆவணமாகத் தாக்கல் செய்யப்பட்டு, தீர்ப்பாணையில் ‘திருமணம் முறிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், எதிர்த் தரப்பு வக்கீல் எழுப்பும் முதல் ஆட்சேபமே ‘தீர்ப்பாணையில் இல்லாததை எப்படி நிறைவேற்றுவது’ என்பதுதான். அப்போது அந்தக் காகிதத்தை ஓர் ஒப்பந்தமாக வைத்துப் புதிதாக வழக்குத் தொடர வேண்டிய நிலை வரலாம். ஓர் அட்டவணையை இணைத்து, ‘இது இந்தத் தீர்ப்பாணையின் பகுதி’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அலைச்சல் அது. விவாகரத்துக்காக வருபவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒரு வரியின் விலை தெரிவதில்லை. தெரிந்த நீதிமன்றம்தான் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

ஷரத்துகள் தீர்ப்பாணையில் இருந்தால் கிடைக்கும் கருவிகள் காகிதத்தில் பலமானவை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் சிறு பகுதியைத்தான் ஜப்தி செய்ய விடுகிறது. ஜீவனாம்சத் தீர்ப்பாணை என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மீதி இரண்டு பங்கையும் எடுக்கலாம். பத்திரம் எழுதித் தர மறுத்தால், 21ஆம் கட்டளையின் 34ஆம் விதிப்படி அவருக்குப் பதிலாக நீதிமன்றமே கையெழுத்திட்டுக் கொடுக்க முடியும். சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லலாம்; கட்டளையை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. பணம் இருந்தும் தர மறுப்பவரைச் சிறையில் வைக்கலாம். தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோருவதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு கால அவகாசமும் உண்டு. 2020 நவம்பரில் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர்.சுபாஷ் ரெட்டி அமர்வு, ஜீவனாம்ச உத்தரவுகளை சிவில் நீதிமன்றப் பணத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றலாம் என்று வழிகாட்டி, சொத்துக் கணக்கைக் காட்டும் விரிவான பிரமாணப் பத்திரத்தையும் ஜீவனாம்ச வழக்குகளில் கட்டாயமாக்கியது.

அப்படியானால் குறை எங்கே? ஒவ்வொரு கருவியையும் தூக்கிச் சுமக்க வேண்டியவர் ஏமாற்றப்பட்டவர் என்பதில் இருக்கிறது. எதிர்த் தரப்பின் முகவரியை அவர் கண்டுபிடிக்க வேண்டும், பேட்டா கட்ட வேண்டும், அமீனாவோடு போக வேண்டும், வங்கிக் கணக்கு எங்கே இருக்கிறது என்று துப்பறிய வேண்டும். பணம் தராதவரை சிவில் சிறையில் வைக்க வேண்டுமானால், சிறையில் அவர் சாப்பாட்டுச் செலவுக்கான தொகையை மனுதாரர்தான் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஜீவனாம்சம் வராமல் அடுப்பு அணைந்த வீட்டிலிருந்து, அதைத் தராதவரின் சாப்பாட்டுக்குப் பணம் போக வேண்டும் என்கிறது சட்டம். தீர்ப்பாணை கையில் வந்த பிறகுதான் இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டம் ஆரம்பிக்கிறது என்று பிரிவி கவுன்சில் 1872லேயே குறிப்பிட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் நிலை பெரிதாக மாறவில்லை. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 மார்ச்சில் மீண்டும் கட்டளையிட்டது. அதன்பின் கணக்கெடுத்தபோது நாடு முழுக்க 8.82 லட்சத்துக்கும் அதிகமான நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடந்தன. இந்த வரிசையின் கடைசியில் போய் நில் என்று பள்ளிக் கட்டணத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளையிடம் சொல்வதற்கும், இல்லை என்று சொல்வதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது.

குற்றவியல் வழி விரைவானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. மறுமணம் செய்யாத விவாகரத்தான மனைவியும் இதில் வருவார். இந்தப் பிரிவின்படி பிறந்த உத்தரவை மீறினால் வாரண்ட் பிறப்பிக்கலாம், பாக்கிக்காக ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்தாக வேண்டும். அலைந்து களைத்து ஒன்றரை வருடம் சும்மா இருந்தவருக்கு இந்த வழியில் பழைய பாக்கிக் கதவு மூடிவிடும். சிறையில் இருந்துவிட்டால் கடன் தீர்ந்துவிடாது, சிறை என்பது பணத்தை வரவழைக்கும் வழிதானே தவிர பணத்துக்கு மாற்று அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொன்னது. இருந்தும், ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வருகிறேன், காசு மட்டும் தர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் இந்தப் பிரிவு தோற்றுத்தான் போகிறது. வேலைக்குப் போகாத ஒரு மாதத்தில் அவர் சம்பளமும் போகிறது, தர வேண்டிய பணமும் மேலும் தூரமாகிறது.

நீதிமன்ற அவமதிப்பு என்ற கடைசி ஆயுதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒப்பந்தத்தை மீறுவது தன்னளவில் அவமதிப்பு ஆகாது. நீதிமன்றத்துக்கு அளித்த உறுதிமொழியை மீறுவதுதான் அவமதிப்பு. இந்த வேறுபாடு நீதிமன்றங்களில் நெடுநாளாக இருப்பது. 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று இதைப் பரஸ்பர சம்மத வழக்குகளுக்குப் பொருத்தி விளக்கியது. விவாகரத்துக்குச் சம்மதம் தரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நீதிமன்றத்தின் முன் உறுதிமொழி கொடுத்து, அதன் பலனையும் அனுபவித்துவிட்டுப் பின்வாங்குபவர் அவமதிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டாம் மனுவுக்கு வராமல் போகிறவருக்கும், விவாகரத்தை வாங்கிக்கொண்டு பணம் தராமல் போகிறவருக்கும் இது ஒன்றுபோல் பொருந்தும். இங்கேயும் எல்லாம் தொடக்கத்தில் எழுதிய ஒரு சொல்லைப் பொறுத்திருக்கிறது. ‘ஒப்புக்கொண்டார்கள்’ என்று எழுதினால் ஒரு விளைவு, ‘இந்த நீதிமன்றத்துக்கு உறுதிமொழி அளித்தார்கள்’ என்று எழுதினால் வேறு விளைவு.

இனி இரண்டாவது கேள்வி. வாக்கு தவறியவருக்குக் கொடுத்த விவாகரத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது? நியாயமான கோபத்திலிருந்து வரும் கேள்வி இது. பொருள் வாங்கியவர் பணம் தராவிட்டால் பொருளைத் திரும்பக் கேட்பதுபோல் இதைப் பார்க்கத் தோன்றும். ஆனால் திருமண நிலை திருப்பித் தரக்கூடிய சரக்கு கிடையாது. மேல்முறையீட்டுக்கு வழியில்லாதபோதோ அதற்கான காலம் முடிந்த பிறகோ இருவரும் மறுமணம் செய்துகொள்ளலாம் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. ஒரு தவணை தவறியதற்காக விவாகரத்து செல்லாது என்றால், இடையில் நடந்த திருமணமும் அதில் பிறந்த பிள்ளைகளும் என்ன ஆவார்கள்? ஒப்பந்தம் எதுவும் அறியாத மூன்றாவது நபரின் வாழ்க்கை ஒரு காசோலையில் தொங்க வேண்டியிருக்கும். ரத்து செய்வதால் ஏமாற்றப்பட்டவருக்குத்தான் என்ன கிடைக்கும்? தன்னை ஏமாற்றியவரின் மனைவி அல்லது கணவன் என்ற பட்டம் மறுபடி கிடைக்கும். பணம் அப்போதும் வராது. சம்மதத் தீர்ப்பாணைக்கு எதிராக மேல்முறையீட்டைத் தடுப்பதிலும், சமரசம் செல்லாது என்று தனி வழக்குப் போடுவதைத் தடுப்பதிலும் சிவில் நடைமுறைச் சட்டம் காட்டும் கண்டிப்புக்கு இதுவே நியாயம். ஓர் அத்தியாயம் முடிந்தது என்ற நிச்சயம் இரு தரப்புக்கும் தேவை.

ஆனால் இந்தக் கண்டிப்பு ஏமாற்றுக்காரருக்கு அரணாகிவிடக் கூடாது. பயமுறுத்தியோ மோசடி செய்தோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்று இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி நடந்திருந்தால், சமரசத்தைப் பதிவு செய்த அதே நீதிமன்றத்திடம் போய் முறையிடலாம். வாக்கைக் காப்பாற்றாமல் போவதும், காப்பாற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பதும் வெவ்வேறு. கையெழுத்திடும் நாளுக்கு முன்பே வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டு, சொத்தே இல்லை என்று சொல்லிச் சிறு தொகைக்குச் சம்மதம் வாங்கியவரின் செயல் மோசடிதான். அத்தகைய வழக்கில் விவாகரத்தைத் தொடாமல், பண ஷரத்துகளை மட்டும் மறுபடி திறந்து, மறைக்கப்பட்ட சொத்தையும் கணக்கில் சேர்த்து நிரந்தர ஜீவனாம்சத்தை நிர்ணயிக்க வேண்டும். பிள்ளைக்கான தொகையோ எப்போதுமே திறந்திருக்கும் கதவு. பெற்றோர் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அது பிள்ளையின் உரிமையைத் தின்றுவிடாது. 26ஆம் பிரிவின் கீழ் அவ்வப்போது புது உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆக, முறிந்த உறவை ஒட்டவைக்கும் சட்டம் வேண்டாம். கணக்கைச் சரிபார்க்கும் சட்டம் போதும்.

அந்தக் கணக்கு தீர்ப்பாணை நாளிலேயே தொடங்க வேண்டும். 25ஆம் பிரிவு, ஜீவனாம்சத் தொகைக்கு, தேவைப்பட்டால், தர வேண்டியவரின் அசையாச் சொத்தையே ஈடாக வைக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்த உத்தரவைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்துவிட்டால், அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று எடுப்பவர் கண்ணில் அது முதலில் படும். தமிழ்நாட்டில் வில்லங்கம் உள்ள சொத்தை வாங்க யாரும் அவசரப்படுவதில்லை. பாக்கியைக் கட்டி வில்லங்கத்தை நீக்க ஓட வேண்டியவர் இப்போது வாக்குக் கொடுத்தவர். அலைச்சல் ஆள் மாறிவிடுகிறது. சொத்து இல்லாதவர் என்றால் வங்கி வைப்புத்தொகை, அதுவும் இல்லையென்றால் ஜாமீன்தாரர். ஒரு தவணை குறிப்பிட்ட நாளைத் தாண்டினால் மொத்தப் பாக்கியும் வட்டியோடு உடனே தர வேண்டியதாகிவிடும் என்ற ஷரத்தும் வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் சம்பளத்தை நம் ஊர் அமீனா ஜப்தி செய்ய முடியாது. ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பே, இங்கிருக்கும் சொத்தின் மீது ஈடு இருந்தாக வேண்டும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இன் 20ஆம் பிரிவு, வேலை கொடுப்பவரே சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிடித்து நேராகப் பாதிக்கப்பட்டவருக்கு அனுப்பும்படி உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. அதிலும் பணம் வராமல் போன பிறகுதான் இது கிடைக்கிறது என்பது குறை. விவாகரத்துத் தீர்ப்பாணையில் முதல் மாதத்திலிருந்தே இந்தப் பிடித்தம் இருந்தால், தராமல் இருப்பது என்ற சந்தர்ப்பமே எழாது. வருமான வரியை நாம் எப்படிக் கட்டுகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடித்துவிடுவதால்தான் அது ஒழுங்காகக் கட்டப்படுகிறது. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிள்ளைக்கான தொகையைச் சம்பளத்திலேயே பிடிப்பது பொது வழக்கமாயிற்று. 2,500 டாலருக்கு மேல் பாக்கி வைத்தவருக்கு பாஸ்போர்ட் மறுக்கப்படும். ஜெர்மனி 1980 முதல், தர வேண்டிய தந்தையோ தாயோ தராதபோது அரசே பிள்ளைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்கிறது. அந்த நாடுகளின் கஜானாவும் கணக்கு வசதியும் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் சம்பளப் பிடித்தத்துக்குக் கஜானா தேவையில்லை, ஒரு வரி உத்தரவு போதும்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம், வேலை போனவர், நோயில் விழுந்தவர் என்ன செய்வார் என்பது. முடியாதவரையும் மனமில்லாதவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாதுதான். கையில் இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் தள்ளுவது நியாயமற்றது என்று 1980இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதனால்தான் சட்டம் இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது: சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றவோ நீக்கவோ 25ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி கேட்கலாம், மாதாந்திர உத்தரவுக்கும் அதே வழி உண்டு. நிஜமாகவே முடியாதவர் அந்த வாசல் வழியே முன்கூட்டி வர வேண்டும். சம்பளம் நின்றால் பிடித்தமும் தானாக நின்றுவிடும், யாரும் அவரைத் துரத்தப் போவதில்லை. சொல்லாமல் நிறுத்திவிட்டு, மறுதரப்பு வழக்குப் போட்டு, மூன்று வருடம் கழித்து சம்மன் வந்த பிறகு ‘எனக்கு வசதியில்லை’ என்பதுதான் ஏற்கத்தகாதது. ஈடும் பிடித்தமும் ஏழையைத் தண்டிக்காது, மௌனத்தைத்தான் தண்டிக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் ஆண்களிடமிருந்து வருவது, அதில் உண்மையும் இருக்கிறது. தொகையை வாங்கிக்கொண்ட பிறகு குற்ற வழக்கை முடித்துக்கொள்ள வராத மனைவியரும், பிள்ளையைப் பார்க்க விடாதவரும் உண்டு. பணப் பாக்கிக்காகப் பெண்ணைக் கைது செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். சமரசப் பலனை முழுக்கப் பெற்றுக்கொண்ட பிறகும் வரதட்சணை வழக்கைத் தொடர்ந்தது நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லி அந்த வழக்கை உச்ச நீதிமன்றமே நீக்கியிருக்கிறது. ஆகவே ஈடு இரு பக்கமும் வேண்டும். குற்ற வழக்கு முடியும்வரை தொகையின் ஒரு பகுதி நீதிமன்றத்தின் பெயரில் வைப்புத்தொகையாக இருக்கலாம். உயர் நீதிமன்றம் வழக்கை நீக்கிய நாளில் அது கை மாறட்டும். பிள்ளையைச் சந்திக்கும் நாட்கள் தவறினால் ஈடு செய்யும் நாட்கள் தானாகக் கிடைக்க வேண்டும். ஒன்றை மட்டும் கலக்கக் கூடாது. பணம் வரவில்லை என்று பிள்ளையை மறைப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் இழப்பவர் வழக்கில் கட்சியாகவே இல்லாத குழந்தை.

மூன்றாவதாக, மனமொத்துப் பிரிகிறவர்களின் பேச்சில் நீதிமன்றம் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்பார்கள். ஈடு, பிடித்தம் என்று பேசத் தொடங்கினால் கனிந்துவரும் சமரசம் கலைந்துவிடும் என்று சமரச மையங்களில் உட்காருபவர்களும் தயங்குவார்கள். பேச்சு சுமுகமாக முடிவது பெரிய விஷயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மனமொத்த விவாகரத்துக்குக்கூட நீதிமன்றம் தேவை என்று சட்டம் வைத்திருப்பதே, அந்தச் சம்மதம் சுதந்திரமானதா, நியாயமானதா என்று மூன்றாவது கண் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஈடு கேட்டவுடன் கலைகிற சமரசம், ஈடு கேட்காவிட்டாலும் ஆறாவது மாதத்தில் கலையும். வித்தியாசம் இவ்வளவுதான், முன்னே கலைந்தால் ஏமாந்தவரிடம் பேரம் பேசும் பலம் இன்னும் மீதமிருக்கும். நீதிமன்றங்களுக்கு ஏற்கெனவே வேலை மிகுதி என்ற கவலைக்கும் இதே பதில்தான். தீர்ப்பாணை நாளில் கூடுதலாக அரை மணி நேரம் செலவிட்டால், நிறைவேற்று மனு, வாரண்ட், அவமதிப்பு மனு, மேல்முறையீடு என்று ஒரே குடும்பம் ஐந்து வருடம் ஐந்து நீதிமன்றங்களில் நிற்பதைத் தவிர்க்கலாம். தேங்கிய மனுக்களைக் குறைக்க நல்ல வழி, புதிய மனுவுக்குக் காரணம் இல்லாமல் செய்வது.

இதற்கெல்லாம் நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பரஸ்பர சம்மத மனுவோடும் சொத்துக் கணக்குப் பிரமாணப் பத்திரத்தைக் கேட்பது, ஒப்பந்த ஷரத்துகளைத் தீர்ப்பாணைக்குள் அட்டவணையாகச் சேர்ப்பது, பண ஷரத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இதற்கு ஈடு எது’ என்று ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்வது, ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் நிறைவேற்றத்தைச் சரிபார்க்க ஒரு தேதி குறிப்பது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கையின் மூலமே தமிழ்நாட்டின் குடும்ப நல நீதிமன்றங்கள் அனைத்துக்கும் இதைச் சொல்லிவிட முடியும். நீதிமன்றம் சார்ந்த சமரச மையத்தை 2005லேயே தொடங்கி நாட்டுக்கு முன்னோடியாக நின்ற நீதிமன்றம் அது. சமரசம் பேசி முடிப்பதில் முன்னே நின்ற நிறுவனம், பேசி முடித்தது நடக்கிறதா என்று பார்ப்பதிலும் முன்னே நிற்பதுதான் பொருத்தம். அதுவரை, கையெழுத்திடப் போகும் ஒவ்வொருவரும் தங்கள் வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறப்பது நல்லது: ‘மூன்றாவது மாதம் பணம் வரவில்லையென்றால், நான் எதுவும் செய்யாமலே என்ன நடக்கும்?’ அதற்குப் பதில் ‘எதுவும் நடக்காது’ என்றால், படகு இன்னும் இக்கரையில்தான் கட்டிக்கிடக்கிறது, ஏறுவதற்கு அவசரமில்லை.